ஏகாதசி இருந்த பூனை

நம் தெருவில் வளர்ந்தவர்கள் எல்லாம் இப்போது ஒரு வாட்ஸ்அப் குழுவில் கூடியிருக்கிறோம். ஒருத்தருக்கு முட்டி மாற்றியாகிவிட்டது, ஒருத்தருக்குக் கண்ணில் லென்ஸ் வைத்தாகிவிட்டது, பாதிப் பேருக்கு வாயில் இருக்கும் பல் சொந்தமில்லை. ஆனால் விடிந்ததும் விடியாததுமாக ஒரு பித்தளை டம்ளர் காபிப் படத்தைப் போட்டு, "நம்ம காலம் மாதிரி வருமா, நம்ம பெரியவா மாதிரி இனிமே பொறப்பாளா" என்று உருகுவதற்கு மட்டும் யாருக்கும் உடம்பு முடியாமல் போவதில்லை. நானும் இத்தனை நாள் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். இன்று காலை மனசு கேட்கவில்லை. நம் பெரியவர்களைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். ஒரு பூனைக்குட்டியின் வயிற்றைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆனி மாதத்து மழை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, மாவு மில்லை ஒட்டிய சாக்கடை ஓரத்தில் அது கத்திக்கொண்டிருந்தது. சாம்பல் நிறம். என் இரண்டு கைக்குள் அடங்கியது. இடது காதின் நுனி கிழிந்திருந்தது, காக்கை கொத்தியிருக்க வேண்டும். தூக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வீடு வந்து சேர்வதற்குள் கணக்குப் புத்தகத்தின் மேல் பேதியாகிவிட்டது. ஆகவே அதன் வயிற்றுக் கோளாறு எங்கள் வீட்டில்தான் ஆரம்பித்தது என்று சொல்ல மாட்டேன். நான் நியாயமாகப் பேசுகிறவள். ஆனால் அது குணமாகாமல் பார்த்துக்கொண்டது எங்கள் வீடுதான்.

மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டை உங்களுக்கெல்லாம் தெரியும். மருமகள்களும் மாப்பிள்ளைகளும் இந்தக் குழுவை எட்டிப் பார்க்கிறார்களாமே, அவர்களுக்காகச் சொல்கிறேன். அது என் பெரியப்பாவின் வீடு. பெரியப்பா ஒரு கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் சொல்லிக்கொடுத்தார். மலைமேல் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு இருக்கிறது என்பதை நிரூபிக்க ஆயுள் முழுக்கச் சம்பளம் வாங்கியவர். பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. இதைச் சொன்னதும் உச்சுக்கொட்டுவீர்கள். கொட்ட வேண்டாம், மேலே படியுங்கள். என் அப்பா பெரியப்பாவின் தம்பி, சாமராஜநகரில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. அங்கேயே ஓர் அறையில் தங்கியிருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருவார். அண்ணா சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு மறுநாள் காலை பஸ்ஸில் போய்விடுவார். அம்மா சமையலறையில் இருந்தாள். அம்மாவைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல முடியும், அந்த வீட்டில் அவளுக்கு அவ்வளவுதான் இடம்.

பூனையைப் பார்த்ததும் பெரியப்பா துரத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இருக்கட்டும். என் புஸ்தகத்தையெல்லாம் எலி கடிச்சுக் குதறறது. இது இருந்தா எலி அண்டாது."

"எலியைத் திங்குமே, நம்மாத்துல?" என்று பெரியம்மா முகத்தைச் சுளித்தாள்.

"திங்கப்படாது. விரட்டினாப் போறும். நாம பழக்கற விதத்துல இருக்கு."

எலி பிடிக்க வந்த பூனை எலியைத் தின்னக் கூடாது. இதைச் சொன்னவர் தர்க்கப் பேராசிரியர். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, குட்டி வீட்டில் தங்கிவிட்டதே என்ற சந்தோஷம்.

அன்று சாயங்காலமே பெரியம்மா காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கும் நடுவில் குட்டியை மல்லாக்கப் போட்டு, வெள்ளிப் பாலாடையை அதன் வாயில் செருகிப் பசும்பாலைப் புகட்டினாள். நாமெல்லாம் அப்படி வளர்ந்தவர்கள்தான். அந்தப் பாலாடையில் நான் குடித்திருக்கிறேன், அப்பா குடித்திருக்கிறார், பெரியப்பாவும் குடித்திருக்கிறார். குழந்தை திமிறினால் மூக்கைப் பிடித்தால் வாயைத் திறக்கும், உள்ளே கவிழ்த்துவிட வேண்டியது. பூனைக்கும் அதே வித்தை. குட்டி கால்களை உதறியது. மூக்கு வழியாகப் பால் வந்தது. "குடிடா கண்ணு, எப்படி மெலிஞ்சு கெடக்கே பாரு" என்று பெரியம்மா கொஞ்சினாள். பாலாடை இப்போது எங்கே என்று கேட்டு யாராவது உருகுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: பாகம் பிரித்தபோது நம் சொந்தக்காரர் ஒருவர் அமுக்கிவிட்டார். அவரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார், தினமும் ஸ்லோகம் அனுப்புகிறார்.

அதன் பிறகு அந்த வீட்டின் வாசனையே மாறிவிட்டது. வெந்நீர் அடுப்பின் புகை வாசனையும் காபிக்கொட்டை வறுக்கும் வாசனையும் போய், எங்கே திரும்பினாலும் புளித்த பால் நாற்றம். நான் வெந்நீர் அடுப்புச் சாம்பலை ஒரு பிரம்புக்கூடையில் கொட்டிக் குட்டியை அதில் விடுவேன். மஞ்சளாக, தண்ணீராகப் போகும். வாலும் பின்னங்காலும் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். பழைய பாவாடைத் துணியை வெந்நீரில் நனைத்துத் துடைப்பேன். துடைக்கும்போது அது கத்தாது. தலையைத் திருப்பி என் கட்டை விரலை நக்கும், அவ்வளவுதான். அந்தச் சொரசொர நாக்கு எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

பேதி நிற்கவில்லை என்றதும் வைத்தியம் ஆரம்பமாயிற்று. அம்மாவை விட்டு உரைகல்லில் வசம்பும் ஜாதிக்காயும் மாசிக்காயும் உரசச் சொன்னார்கள், கைக்குழந்தைக்கு உரசுவது போல. உரசியதைப் பாலில் கலக்கிப் புகட்டினார்கள். நிற்கவில்லை. ஓமத்தைக் காய்ச்சி, அதையும் பாலில். நிற்கவில்லை. உடம்பில் சத்து இல்லை, அதனால்தான் நிற்கவில்லை என்று பாலைச் சுண்டக் காய்ச்சிக் கற்கண்டு போட்டுக் கொடுத்தார்கள். தெருவில் இருந்த பெரியவர்கள் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். எல்லா மருந்துக்கும் பாலைத்தான் துணை சேர்த்தார்கள். பூனையென்றால் பால் என்று ஏதோ படத்தில் பார்த்திருக்கிறார்கள், அதற்குமேல் அந்தப் பிராணியைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாது என்பது குற்றமில்லை. தெரியாது என்று ஒருவர் வாயிலிருந்தாவது வந்ததா என்று கேட்கிறேன்.

அப்புறம் ஏகாதசி வந்தது.

ஏகாதசியன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அன்றைய பால் முழுவதும் கோயில் திருமஞ்சனத்துக்குப் போய்விடும். பெரியவர்களுக்குத் துளசித் தீர்த்தம் மட்டும், எனக்கு வாழைப்பழமும் வேர்க்கடலையும். பூனைக்கு ஒன்றுமில்லை. பகல் முழுக்க அது பட்டினி. மத்தியானம் கொல்லைப்புறச் சுவரடியில் அது பதுங்கியிருந்ததைப் பார்த்தேன். ஒரே தாவு. வாயோரத்தில் ஒரு பல்லியின் வால் துடித்துக்கொண்டிருந்தது. முழுசையும் தின்றுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டது. சாயங்காலம் சாம்பல் கூடையில் முதல் தடவையாகக் கெட்டியாகப் போயிற்று. நான் துள்ளிக் குதித்தேன். பெரியம்மா வந்து பார்த்தாள், பெரியப்பாவும் வந்து பார்த்தார். ஒரு பூனையின் மலத்தை அவ்வளவு மரியாதையோடு வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"இன்னிக்கு என்ன நாள்?" என்றார் பெரியப்பா.

"ஏகாதசி" என்றாள் பெரியம்மா. சொல்லும்போதே அவளுக்குக் குரல் தழுதழுத்துவிட்டது.

அவ்வளவுதான். பூனை ஏகாதசி இருந்தது, அதனால் வியாதி நின்றது. போன ஜன்மத்தில் யாரோ ஒரு பாகவதர், பெருமாள் பக்தர், ஒரு சின்ன அபசாரத்தால் இப்படிப் பிறந்திருக்கிறார். அன்றிலிருந்து அதற்குப் பாகவதன் என்று பெயர். மறுநாள் துவாதசியில், விரதம் முடிக்கும் பாரணையில், அதற்கும் ஓர் இலை. முதலில் துளசித் தீர்த்தம், பிறகு அகத்திக்கீரை ஒரு துணுக்கு, அதன் பிறகு விரதம் இருந்த உடம்பாயிற்றே என்று நெய்யும் சர்க்கரையும் போட்ட பால். சாயங்காலம் பழையபடி மஞ்சள் தண்ணீர்.

பெரியப்பா வீட்டுக்கு வரும் மாணவர்களுக்கு உரக்கப் பாடம் சொல்வார். எங்கே எங்கே புகையோ அங்கே அங்கே நெருப்பு, எங்கே நெருப்பு இல்லையோ அங்கே புகையும் இல்லை. இதைக் கேட்டுக் கேட்டே எனக்கு மனப்பாடம். மாணவர்கள் போனதும் நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"பெரியப்பா, பால் குடுக்கற அன்னிக்கெல்லாம் அதுக்குப் பேதியாறது. பால் குடுக்காத அன்னிக்கு ஆகல்லை. அப்போ பால்தானே காரணம்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சந்தோஷமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பால் சாத்விகமான ஆகாரம். சரியா? சாத்விகமான ஆகாரத்தால வியாதி வராது. சரியா? ஆகையினால இது பாலால வந்த வியாதி இல்லை. புரிஞ்சுதா?"

"அப்போ எப்படி நின்னுது?"

"ஏகாதசியோட மஹிமை."

"அப்போ தினமும் ஏகாதசி இருக்கட்டுமே."

"அசடு! ஏகாதசி ஏகாதசியன்னிக்குத்தான். மத்த நாள்ல ஒரு ஜீவனைப் பட்டினி போட்டா மகாபாவம்."

பாருங்கள், எவ்வளவு கச்சிதம். பட்டினி போட்டால் பிழைக்கும் பூனையைப் பட்டினி போடுவது பாவம், பால் கொடுத்தால் சாகும் பூனைக்குப் பால் கொடுப்பது தர்மம். நான் கடைசி முயற்சியாக, "அன்னிக்கு அது பல்லி தின்னுது, நான் பார்த்தேன்" என்றேன். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அதை விட்டது பெரியம்மா. பாகவதன் மேல் அபாண்டம் சொன்னதற்காக. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்ததும் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அப்பா குட்டியின் வயிற்றை ஒரு விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணாவுக்குத் தெரியாததா?" என்றார்.

தெருவே வந்து பார்த்தது. நெற்றியில் திருமண் இட்டு, கழுத்தில் துளசி மணி கட்டி, அதை ஒரு மணையில் உட்கார்த்தியிருந்தார்கள். அது உட்காரவில்லை, நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்திருந்தது. அதைத் தியானம் என்றார்கள். அடுத்த ஏகாதசிக்கும் அதே அதிசயம், அடுத்த துவாதசிக்கும் அதே பேதி. பேதிக்குத் திருஷ்டி காரணம் என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது. செத்துப்போய்விடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எதிர்வீட்டு ராயர் குடும்பத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கன்னடக்காரர்கள், மத்வர்கள். மழைக்காலத்து நாலு மாதமும் அவர்களுக்கு மாதத்துக்கு ஒரு விரதம். ஒரு மாதம் காய்கறி கிடையாது, ஒரு மாதம் தயிர் கிடையாது, மூன்றாவது மாதம் பால் கிடையாது. அந்த மாதம் பிறந்த அன்று ராயர் வீட்டு மாமி எங்கள் வாசலுக்கு வந்து, "ஒரு மாசம் நம்ம மனெயிலே பாலு பேடா, வேண்டாம். பால்காரன் கொடுக்கிறதை நீங்களே வாங்கிக்குங்க" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா தலையை ஆட்டினாள். எனக்குக் கை கால் பரபரத்தது. அன்று மத்தியானமே குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அவர்கள் கொல்லைப்புறத்தில் விட்டேன். மாமி அதற்குப் பருப்புச் சாதம் வைத்தாள். போதாததற்கு அவர்கள் நெல் கொட்டிவைத்த அறையில் எலி இருந்தது.

மாமி அது எலி தின்றதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தத் தெருவில் அந்தச் சமயத்தில் நடந்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அந்தத் திருப்பல்தான். குட்டி தேறியது. ரோமம் படிந்து மினுங்கியது. வால் நிமிர்ந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நான் எதிர்வீட்டுக் கொல்லைக்கு ஓடுவேன், அது என் பாவாடை நுனியைப் பிடித்து இழுத்து விளையாடும். வீட்டில் கேட்டபோது, எங்கேயோ திரிகிறது, வந்துவிடும் என்று சொல்லிவைத்தேன். பெரியம்மா தேடினாள். பெரியப்பாவுக்கு அப்போது வேறு கவலை, நவராத்திரி வரப்போகிறது.

குட்டு எப்படி வெளிப்பட்டது தெரியுமா? ராயராலேயே. அவருக்குப் பெருமை பொறுக்கவில்லை. ஒருநாள் காலையில் பூனையைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். அதன் நெற்றியில் எங்கள் திருமண் இல்லை. அவர்கள் இட்டுக்கொள்ளும் கோபிசந்தனம் இருந்தது.

"நோடி ஸ்வாமி, உங்க பெக்கு எப்படி ஆயிருக்கு! எல்லாம் நம்ம பால் விரத மகிமெ. நம்ம மனெ ஊட்டா, நம்ம சாப்பாடு, அதுக்கு ஒத்துக்கிச்சு."

பூனை குண்டாக இருந்ததைப் பெரியப்பா பார்க்கவே இல்லை. நெற்றியைத்தான் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"எங்க பாகவதன் நெத்தியில எதைக் கொண்டுவந்து பூசியிருக்கேள்?"

"அது தானாத்தான் நம்ம மனெக்கு வந்துச்சு. அதுக்கே தெரியுது, எங்கே இருந்தா நல்லது அப்படின்னு."

இரண்டு படித்த மனுஷர்கள், நடுத்தெருவில், ஒரு பூனையின் நெற்றிக்காகக் கத்திக்கொண்டார்கள். ஒருவருக்கு ஏகாதசியால் குணமாயிற்று, இன்னொருவருக்கு விரதத்தால் குணமாயிற்று. இரண்டு தடவையும் அது பால் குடிக்கவில்லை என்ற சின்ன விஷயம் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை. கடைசியில் பெரியப்பா பூனையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்தார். கிணற்றடியில் அதைக் குளிப்பாட்டிக் கோபிசந்தனத்தை அலம்பிவிட்டுத் திருமண்ணை இட்டார். பெரியம்மா பாலாடையைத் தேய்த்துக் கழுவினாள்.

நவராத்திரிக்குக் கொலு வைத்தார்கள். கொலுப்படிக்குப் பக்கத்தில் பட்டுத் துணி விரித்த கூடையில் பாகவதன். பொம்மை பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அதையும் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் கையால் ஒரு மடக்குப் பால் கொடுத்தால் புண்ணியம் என்று கொடுத்தார்கள். வாசலில் கூட்டம் நிற்கும். கதவைப் பூனை தாண்டிவிடக் கூடாது என்று கழுத்தில் கயிறு கட்டிக் கொலுப்படிக் காலில் முடிந்திருந்தார்கள். சரஸ்வதி பூஜையன்று அது எழுந்திருக்கவில்லை. கண்ணின் ஓரத்தில் வெள்ளைப் படலம் படர்ந்திருந்தது. தூக்கினால் கையில் துணி மாதிரித் தொங்கியது. சாம்பல் கூடை வரை போகத் தெம்பில்லாமல் பட்டுத் துணியிலேயே போயிற்று. பெரியம்மா துணியை மட்டும் மாற்றினாள்.

விஜயதசமியன்று யானை ஊர்வலம் பார்க்கப் போனோம். ஊர்வலம் போகும் ரோட்டில் சொந்தக்காரர் ஒருவருடைய கடைக்கு மாடி இருந்தது, வருஷா வருஷம் அங்கேதான். நான் கம்பளிச் சட்டை போட்டு எடுத்துப்போகும் துணிப்பையில் குட்டியை, தளர்ந்திருந்த கயிற்றை அவிழ்க்காமல் தலை வழியாக உருவிவிட்டு, வைத்துக்கொண்டேன். கூடையில் பட்டுத் துணியைச் சுருட்டி மேலே போர்த்திவிட்டேன். வழியெல்லாம் அது கத்துமோ என்று பயந்தேன். கத்த அதனிடம் குரல் இல்லை. மாடியில் எல்லாரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்கள். பாண்டு வாத்தியச் சத்தம் நெருங்கியது. பெரியப்பா யானையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டபோது நான் பின் படிக்கட்டில் இறங்கினேன்.

பின்பக்கம் மண்டி மொஹல்லா. கன்றுக்குட்டியும் கைவண்டியும் நிற்கும் சந்துகள். பள்ளிக்கூடம் போகும் வழியில் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்ட வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த இடம். ஓர் இறைச்சிக் கடை திறந்திருந்தது. முந்தின நாள் ஆயுதபூஜைக்கு வெட்டுக்கத்திக்குக் குங்குமம் வைத்துச் சாமந்தி சுற்றியிருந்தார்கள், அது அப்படியே வாடிக் கிடந்தது. ரத்த வாசனைக்கு ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நான் பையைப் பிரித்துக் காட்டினேன். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "பெக்கு பேடம்மா, ஹோகு" என்றார். பூனையெல்லாம் வேண்டாம், போ என்று. அந்த மனுஷரும் ஒன்றும் தர்மாத்மா இல்லை, கையை ஓங்கினார். ஆனால் அதற்குள் குட்டி பையிலிருந்து தலையை நீட்டிவிட்டது. மூக்கு துடித்தது. தானாகவே தரையில் விழுந்து, நடக்க முடியாமல் நடந்து, மரக்கட்டையின் அடியில் கிடந்த ஒரு துணுக்கைக் கவ்வியது. அது எதையும் தானாகக் கவ்வும் என்பதையே எங்கள் வீட்டில் நான் அதற்குள் மறந்து போயிருந்தேன்.

துளசி மணியை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் கூப்பிட்டுவிடுவேன் என்று தெரியும். மாடிக்கு வந்தபோது யானை போய்விட்டிருந்தது. "எவ்வளவு நன்னாருந்தது, பார்த்தியோ?" என்று பெரியம்மா கேட்டாள். பார்த்தேன் என்றேன். அழுகை வந்தது. கூட்டத்தில் மூச்சு முட்டியிருக்கும் என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

மறுநாள் ஏகாதசி. நான் அதை யோசித்துச் செய்யவில்லை, தசமிக்கு மறுநாள் ஏகாதசிதான் வரும். ஊர்வலம் பார்த்த களைப்பில் ராத்திரி யாரும் கூடைப் பக்கம் போகவில்லை. காலையில் பெரியம்மா கூடையைத் திறந்தாள். பட்டுத் துணி இருந்தது, கயிறு முடிந்தபடியே இருந்தது, பூனை இல்லை. வாசல் கதவு சாத்தியிருக்கிறது. ஏகாதசி. பெரியப்பா கூடைக்கு முன்னால் அப்படியே சாஷ்டாங்கமாக விழுந்தார்.

"சரீரத்தோட வைகுண்டம் போயாச்சு" என்றார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கண்ணீர்.

அந்த வீட்டில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. துவாதசியன்று தெருவுக்கே சாப்பாடு. ராயரும் சண்டையை மறந்து வந்து பால் பாயசம் சாப்பிட்டார், அவருடைய பால் விரதம் முடிந்துவிட்டது. பாகவதனுக்குக் கைங்கரியம் பண்ணின குழந்தை என்று என்னை நடுவில் உட்கார்த்தித் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தார்கள். உங்களில் சிலர் அன்று பந்தியில் இருந்தீர்கள். இன்றைக்கும் இந்தக் குழுவில் சிலிர்த்துக்கொள்கிறீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அது எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஆள் அனுப்பிக் கொண்டுவருவார்கள், திருமண் இடுவார்கள், மூக்கைப் பிடிப்பார்கள்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெல்லமும் புளியும் வாங்க அப்பா என்னை மண்டிக்குக் கூட்டிப்போனார். "அந்தச் சந்து வேண்டாம்ப்பா, நாத்தம்" என்றேன். குறுக்கு வழி என்று அதிலேயே நுழைந்தார். இறைச்சிக் கடைப் பலகையின் மேல், வெயிலில், பாகவதன் உட்கார்ந்திருந்தது. கிழிந்த காது. தேறிய உடம்பு. முன்னங்காலுக்கடியில் ஒரு துண்டு ஈரலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தது. நான் அப்பாவின் கையை இழுத்தேன். அப்பா நகரவில்லை. பூனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பூனையைப் பார்த்தார். பூனை எங்கள் இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு ஈரலுக்குத் திரும்பிவிட்டது. அது என்னை மறந்ததுகூடப் பெரிதில்லை. அண்ணா சொல்லுக்குத் தலையாட்டும் இந்த மனுஷர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். அப்பா என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு யாரோ வந்திருந்தார்கள். பெரியப்பா வைகுண்டக் கதையை ஆரம்பித்தார். கதவு சாத்தியிருந்தது, கயிறு அவிழவில்லை என்று எல்லாம் சொல்லிவிட்டு, "நான் சொன்னா நம்ப மாட்டேள். தம்பியைக் கேளுங்கோ" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"ஆமாம். ஏகாதசியன்னிக்குத்தான்" என்று அப்பா தலையாட்டினார்.

எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. அடுத்த நிமிஷம் அவர் மேல் அசாத்தியக் கோபம் வந்தது. கண்ணால் பார்த்துவிட்டு வந்து இப்படித் தலையாட்ட ஒரு மனுஷனால் முடியுமா? பெரியப்பாவுக்காவது தான் சொல்வது உண்மை என்ற நினைப்பு இருந்தது. இவருக்கு அதுவும் இல்லை. அன்று ராத்திரி அவர் கூப்பிட்டும் நான் போகவில்லை. காலையில் அவர் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது தூங்குவது போலக் கிடந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வழக்கத்தைவிட நேரம் கழித்து வந்தார். சாமராஜநகர் பஸ்ஸில் வந்தால் அக்ரஹாரத்து முனையிலேயே இறங்கிவிடலாம். அன்று அவர் கடைசி நிறுத்தம் வரை போய், ஊருக்கு அந்தக் கோடியிலிருந்து மண்டி வழியாக நடந்து வந்திருந்தார். வேட்டி நுனியெல்லாம் சேறு. நேரே கிணற்றடிக்குப் போய்க் காலை அலம்பினார். நான் சொம்போடு நின்றேன், பேசவில்லை. உள்ளே பெரியப்பாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குனிந்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நன்னா குண்டாயிடுத்து" என்றார்.